வகுப்பிற்கு வெளியே நிற்கும் பிள்ளை

கோயம்புத்தூரிலிருந்து மேற்கே சென்று தமிழக எல்லையைக் கடந்தவுடன் எதிர்ப்படும் சிற்றூர்களுள் ஒன்று வேலந்தாவளம். பாலக்காடு மாவட்டம் சிற்றூர் வட்டத்தின் கிழக்கு விளிம்பில், வடகரப்பதி ஊராட்சியில் இருக்கிறது. ஒருபுறம் சோதனைச்சாவடி, மறுபுறம் காய்கறிச் சந்தை, சுற்றிலும் தென்னந்தோப்புகள். கேரளம் என்றதும் நம் மனத்தில் தோன்றும் மழையும் ஆறும் இப்பகுதிக்குப் பொருந்தா. மலைமறைவுப் பகுதியாதலால் குடிநீருக்கே குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் ஊர்கள் இங்கே பல. வீட்டில் தமிழ், அரசு அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும் என்று மக்கள் வாழ்கின்றனர். பள்ளிகளிலும் தமிழ்வழி வகுப்பும் மலையாளவழி வகுப்பும் அடுத்தடுத்து நடப்பது இங்கே இயல்பான காட்சி.

இந்த எல்லைப்புறத்துப் பள்ளி ஒன்றில் தமிழ் கற்பித்த ஆண்டுகளில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் நாள்தோறும் முதல் பாடவேளை பாதி முடிந்த பின்னரே வருவான். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வான். "தாமதமாக வருபவன் வெளியே நிற்க வேண்டும்" என்பது வகுப்பு விதி. விதியை இயற்றியவனும் நானே. பதினொரு நாட்கள் அவன் வகுப்பறை வாசலில், சன்னலோரம் நின்றபடி பாடம் கேட்டான். பன்னிரண்டாம் நாள், தன்னைக் கேலி செய்த ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை விளையாட்டுத் திடலில் தள்ளி, உதடு கிழியுமாறு அடித்துவிட்டான்.

விசாரித்தபோது தெரிந்தது. கள் இறக்கும் தொழிலாளியான அவன் தந்தை தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். தாய் எல்லைக்கு அப்பால் நூற்பாலை வேலைக்கு முதல் பேருந்தில் சென்றுவிடுவார். தந்தையைச் சுத்தம் செய்து, கஞ்சி கொடுத்து, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பிடித்துவைத்துவிட்டு அவன் பள்ளிக்கு வர வேண்டும். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "அப்பாவுக்கு எல்லாம் நான்தானுங்க சார் கழுவி விடணும். அத எப்படிங்க சார் கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் சொல்றது?" என்றான்.

எல்லார் முன்னாலும் கேட்டவன் நான்தான்.

ஆனால் இதைக் கேட்டு மனம் இளகி, "பாவம், விட்டுவிடுவோம்" என்று முடித்துவிட இயலுமா? உதடு கிழிந்து நின்ற அச்சிறுவனும் நம் பிள்ளைதானே? அவனுக்கு நேர்ந்ததற்கு யார் பொறுப்பு? அரசுப் பள்ளியில் பணிபுரியும் ஒவ்வோர் ஆசிரியரும், அங்கே பிள்ளைகளை அனுப்பும் ஒவ்வொரு பெற்றோரும் இன்று எதிர்கொள்ளும் கேள்வி இது. ஒழுங்கைக் காக்க வேண்டும். ஒழுங்கை மீறும் பிள்ளையின் மனத்தையும் காக்க வேண்டும். ஒன்றைப் பற்றினால் மற்றது நழுவிவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அவ்வச்சம் எவ்வளவு உண்மை என்பதை ஆராய்வோம்.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

எல்லைப்புறத்தில் வாழ்வோருக்கு மட்டும் விளங்கும் வேடிக்கை ஒன்று உண்டு. 'சிக்ஷா' என்ற வடசொல்லுக்குக் கற்றல், பயிற்சி என்பதே மூலப்பொருள். இந்தியில் இன்றும் கல்வி என்றே பொருள். அதே சொல் மலையாளத்தில் 'சிக்ஷ' என்று வழங்கும்போது தண்டனை என்றாகிவிடுகிறது. தமிழிலும் 'சிட்சை' என்றால் தண்டனைதான். 2018-இல் தொடங்கிய 'சமக்ர சிக்ஷா' என்னும் தேசியக் கல்வித் திட்டத்தின் பெயர்ப்பலகையைக் கேரளப் பள்ளிகளில் காணும் மாணவர்கள், "முழுமையான தண்டனை" என்று படித்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் கற்பித்தலைக் குறித்த சொல் தண்டித்தலைக் குறிக்கும் சொல்லாக மாறிய இடத்தில் நம் திண்ணைப் பள்ளிகளின் வரலாறு ஒளிந்திருக்கிறது.

தமிழில் நமக்கு வேறொரு நல்ல சொல் உண்டு: ஒழுக்கம். 'ஒழுகு' என்பது அதன் வேர். நீர் இடையறாது ஒழுகுவதுபோல் நாள்தோறும் நடந்துகொள்ளும் முறையே ஒழுக்கம். அது உள்ளிருந்து வருவது. பிறர் வெளியிலிருந்து விதிப்பது கட்டுப்பாடு. கரை இல்லாவிடில் நீர் ஒழுகாது, பரவிக் காய்ந்துவிடும். ஆதலால் கட்டுப்பாடு தேவையே. ஆனால் கரையைக் கட்டிவிட்டோம் என்பதற்காக வாய்க்காலில் தண்ணீர் வந்துவிடுவதில்லை.

"முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்" என்னும் பழமொழியைப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். அடி வாங்கித்தான் நாங்கள் உருப்பட்டோம் என்பார்கள். அப்படிச் சொல்பவர்கள் உருப்பட்டவர்கள். அடிக்குப் பயந்து பள்ளியை விட்டு ஓடியவர்கள், ஐந்தாம் வகுப்போடு மாடு மேய்க்கப் போனவர்கள், இந்த உரையாடலில் கலந்துகொள்வதில்லை. ஓடியவர் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. அதே தமிழ்தான் "தோளுக்கு மேல் வளர்ந்தால் தோழன்" என்றும் சொல்லியிருக்கிறது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஆனக்கரையில் நடந்தது

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் உள்ள ஆனக்கரை அரசு மேல்நிலைப்பள்ளியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. கேரளம் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவரலாகாது என்ற விதியை மீறிப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொண்டுவந்தான். ஆசிரியர் அதைப் பறிமுதல் செய்து முதல்வரிடம் ஒப்படைத்தார். மாணவன் முதல்வரின் அறைக்குச் சென்று திருப்பித் தருமாறு கேட்டான். வாக்குவாதம் முற்றியது. வெளியே வந்தால் கொன்றுவிடுவேன் என்று முதல்வரையே மிரட்டினான். அக்காட்சி அங்கேயே கைப்பேசியில் பதிவு செய்யப்பட்டு, சில நாட்களில் ஊடகங்கள் வழியே பரவிவிட்டது. மாணவன் இடைநீக்கம் செய்யப்பட்டான். முதல்வர் காவல்துறையில் புகார் அளித்தார். அழைத்து விசாரித்தபோது, மனம் உடைந்த நிலையில் அப்படிப் பேசிவிட்டதாகவும், மன்னிப்புக் கேட்கத் தயார் என்றும், அதே பள்ளியில் தொடர்ந்து படிக்க விரும்புவதாகவும் அவன் கூறியதாகச் செய்திகள் வந்தன.

பொதுமக்கள் இரு அணியாகப் பிரிந்தனர். "பார்த்தீர்களா, பிரம்பைப் பிடுங்கியதன் பலன்!" என்றது ஓர் அணி. "பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளையின் மிக மோசமான ஒரு நிமிடத்தை உலகமே பார்க்கும்படி வெளியிட்டது யார்?" என்று கேட்டது மற்றோர் அணி. கல்வி அமைச்சரும் துறையிடம் அறிக்கை கேட்டார்.

இந்நிகழ்ச்சியை நிதானமாக நோக்கினால் இரு அணியினரும் பாதி உண்மையைப் பேசியது விளங்கும். கைப்பேசியைப் பறிமுதல் செய்தது பிழையன்று. விதி எல்லோருக்கும் பொதுவானது. கொலை மிரட்டலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த முதல்வரிடமும் நாம் கோர முடியாது. ஆசிரியரும் மனிதரே, மறுநாளும் அதே அறையில் அமர்ந்து பணி செய்ய வேண்டியவர். ஆயின், காட்சியைப் பதிவு செய்வது சான்றுக்காக என்றால், அது உரிய அதிகாரியிடம் மட்டுமே சென்றிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க விரும்பும் பிள்ளைக்குத் திரும்பி வருவதற்கு ஒரு வழி வேண்டும். நாடே பார்த்துவிட்ட காட்சியின் நாயகனாக அவன் எந்த வாசல் வழியாகத் திரும்புவான்?

சட்டம் சொல்வது

நம் நாட்டில் இவ்விஷயத்தில் சட்டம் நீண்ட தூரம் வந்துவிட்டது. 2000 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம், பள்ளியில் உடல்தண்டனையை அனுமதித்த அப்பகுதியின் விதிகளை ரத்து செய்தது. தமிழ்நாடு 2003-இல் தன் கல்வி விதிகளைத் திருத்தி உடல்தண்டனையை விலக்கியது. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல்தண்டனையை மட்டுமன்றி மனத்துன்புறுத்தலையும் தடை செய்தது. தொடக்கக் கல்வியை முடிக்கும் வரை எப்பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றலாகாது என்கிறது அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு. அடிப்பது குற்றம் என்பதைப் பலர் அறிவர். எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவதும் அதே பிரிவின்கீழ்த் தடை செய்யப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே. என் பதினொரு நாட்களை எண்ணிப் பார்க்கிறேன்.

மறுபுறம், ஆசிரியர்களின் அச்சத்தையும் நீதிமன்றங்கள் செவிமடுத்துள்ளன. 2025 மார்ச் மாதம் கேரள உயர்நீதிமன்றம், பள்ளியில் நடந்த செயல் குறித்து ஆசிரியர்மீது புகார் வந்தால் உடனே வழக்குப் பதியாமல் முதற்கட்ட விசாரணை நடத்த வேண்டும் என்றது. ஆசிரியர் கையில் சிறு பிரம்பு ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதில்லை என்னும் கருத்தும் அவ்வாணையில் இடம்பெற்றது. பிரம்பைப் பற்றிய அக்கருத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. பயன்படுத்தாத பிரம்புக்கும் ஒரு மொழி உண்டு. வீட்டில் தினமும் அடி வாங்கும் பிள்ளைக்கு அம்மொழி மிக நன்றாகத் தெரியும். எனினும், நல்லெண்ணத்தோடு கண்டித்த ஆசிரியரைக் காவல் நிலையத்தில் நிறுத்தினால், அவர் அடுத்த நாள் முதல் எந்தப் பிள்ளையையும் கண்டிக்க மாட்டார். எந்தப் பிள்ளையையும் கவனிக்கவும் மாட்டார். அக்கறையற்ற மௌனம் பிரம்பைவிடக் கொடியது.

அதே ஆண்டு ஜூலை 25 அன்று உச்சநீதிமன்றம் மாணவர் மனநலம் பற்றி வழங்கிய தீர்ப்பு இத்துறையில் ஒரு திருப்புமுனை. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும். சிறிய நிறுவனங்கள் வெளியில் உள்ள மனநல வல்லுநரோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஆசிரியர் உள்ளிட்ட பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பதும் பலர் முன் இழிவுபடுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டும் என்பன அதன் முக்கியக் கூறுகள். தனிச்சட்டம் வரும்வரை இவை நாடெங்கும் பொருந்தும்.

குறும்பா, கலக்கமா?

2015-16-இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 7.3 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் அது மூவர் என்றாகிறது. அந்த மூவர் யார்? மூலையில் அழுதுகொண்டிருப்பவர் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மை அவ்வளவு எளிதன்று. பெரியவர்களிடம் மனச்சோர்வு சோகமாக வெளிப்படுகிறது. வளரிளம் பருவத்தினரிடம் அது பெரும்பாலும் எரிச்சலாகவும் சினமாகவும் வெளிப்படும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. வீட்டுப்பாடம் எழுதாதவன், எதிர்த்துப் பேசுபவள், பின்வரிசையில் தூங்குபவன், திடீரென நண்பர்களை விட்டு விலகியவள் ஆகியோரே நம் 'ஒழுங்கீனப் பட்டியலில்' முதலில் இடம்பெறுவோர். அப்பட்டியலையும் மனநலம் குன்றியோர் பட்டியலையும் அருகருகே வைத்தால் சில பெயர்கள் இரண்டிலும் இருக்கும். எல்லாப் பெயர்களும் இருக்கா. வெறும் குறும்புக்காரனை நோயாளி ஆக்குவதும் தீங்கே.

மௌனமானவர்களையும் மறக்கலாகாது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்தபோது, மார்ச் 25 முதல் ஜூலை வரையிலான காலத்தில் மட்டும் கேரளத்தில் பதினெட்டு வயதுக்குட்பட்ட 66 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாக முதலமைச்சரே அறிவிக்க நேர்ந்தது. மரணம் எதற்கும் ஒற்றைக் காரணம் சொல்லிவிட முடியாது. ஆயினும் பள்ளி மூடியிருந்தபோது, ஒரு பிள்ளையின் முகம் வாடியதைக் கண்டு "என்னப்பா?" என்று கேட்க வீட்டாருக்கு வெளியே வேறு யாரும் இல்லாமற்போனதை மறுப்பதற்கில்லை. அதன்பின் கேரளக் காவல்துறையின் மாணவர் காவற்படைப் பிரிவு 'சிரி' என்ற பெயரில் தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கியது. அம்மாணவர் காவற்படைத் திட்டமே, 2010 ஆகஸ்ட் 2 அன்று 127 பள்ளிகளில் கேரளத்தில் தொடங்கப்பட்டுப் பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவியது. சீருடை, அணிவகுப்பு, அதிகாலை ஓட்டம் என்று முழுக்கக் கட்டுப்பாட்டின் வடிவமாகத் தோன்றும் ஓர் அமைப்பு, பிள்ளைகளின் மனக்குறையைக் கேட்கும் காதாகவும் ஆனதில் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

கடுமையை மட்டும் நம்பியோர் கண்ட பலன்

அமெரிக்காவில் 1990-களில் 'சிறு தவறும் பொறுக்கப்படாது' என்னும் கொள்கை பரவியது. துப்பாக்கியைப் பள்ளிக்கு வெளியே நிறுத்துவதற்காக 1994-இல் வந்த சட்டத்தின் நோக்கம் நியாயமானது. ஆனால் அதன் கடுமை நாளடைவில் சண்டை, எதிர்ப்பேச்சு, தாமதம் என எல்லாவற்றுக்கும் நீண்டது. 2008-இல் அந்நாட்டு உளவியல் சங்கத்தின் குழு ஒன்று ஆராய்ந்து, இக்கொள்கையால் பள்ளிகள் பாதுகாப்பானவையாக மாறியதற்குச் சான்றில்லை என்றது. டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011-இல் வெளிவந்த ஆய்வு, ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்குள் பத்தில் ஆறு பேர் ஒருமுறையேனும் இடைநீக்கமோ நீக்கமோ பெற்றதைக் காட்டியது. பத்தில் ஆறு பேர் குற்றவாளிகள் என்றால் பிழை பிள்ளைகளிடம் இருக்க முடியாது.

நியூசிலாந்து வேறு வழியில் சென்றது. 1989-இல் அது இயற்றிய சட்டம், தவறு செய்த சிறுவனையும் அவன் குடும்பத்தாரையும் பாதிக்கப்பட்டவரையும் ஒரே இடத்தில் அமர்த்திப் பேசச் செய்தது. அந்நாட்டுப் பழங்குடியினரான மாவோரிகளின் வழக்கம் இதற்கு உரமாயிற்று. இம்முறை பின்னர் பள்ளிகளுக்கும் வந்தது. நம் ஊர்ப் பெரியவர்கள் ஆலமரத்தடியில் இரு தரப்பாரையும் உட்காரவைத்துப் பேசிய வழக்கத்தோடு இதற்கு உறவு உண்டு என்று சொல்லலாம். ஆனால் நம் பஞ்சாயத்துகளில் அபராதமும் காலில் விழவைப்பதும் இருந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

இரண்டு உரையாடல்கள்

அப்படியானால் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? என் அனுபவத்தில் தெளிந்தது இதுதான்: தவறு செய்த பிள்ளையிடம் நாம் நடத்த வேண்டியவை இரண்டு தனித்தனி உரையாடல்கள். "என்ன செய்தாய், அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது, அதை எப்படிச் சரிசெய்யப்போகிறாய்?" என்பது ஒன்று. "உனக்கு என்ன நேர்ந்தது?" என்பது மற்றொன்று. முதலாவதைக் கைவிட்டால் நீதி கெடும். இரண்டாவதைக் கைவிட்டால் பிள்ளை கெடும். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே அறையில், ஒருவரே நடத்தினால் இரண்டும் கெடும். தண்டிக்கும் கையை நோக்கிப் பிள்ளை தன் புண்ணைத் திறந்து காட்டாது.

இதனால்தான் ஆலோசகர் வேறு, ஒழுங்குக் குழு வேறு என்று இருக்க வேண்டும். கேரளத்தில் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் சார்பில் பள்ளிகளில் மனநல ஆலோசகர்கள் பணியாற்றுகின்றனர். இவர்களைச் சில பள்ளிகள் பயன்படுத்தும் முறை வருத்தத்திற்குரியது. "இன்னொரு முறை பேசினால் கவுன்சலிங்குக்கு அனுப்பிவிடுவேன்" என்று வகுப்பில் மிரட்டுவதை நானே கேட்டிருக்கிறேன். மருத்துவமனைக்கு அனுப்புவேன் என்பது தண்டனை ஆகுமா? ஆலோசனை அறைக்குள் செல்பவன் குற்றவாளி என்னும் முத்திரை விழுந்துவிட்டால், உண்மையில் உதவி தேடும் பிள்ளை அவ்வறையின் திசையிலேயே நடக்காது. அறையும் தலைமையாசிரியர் அறையை ஒட்டி, வராந்தாவில் போவோர் வருவோர் பார்க்கும்படி இருக்கும். இடப்பற்றாக்குறை என்பார்கள். நூலகத்தின் ஒரு மூலையும் நாற்காலி இரண்டும் போதும். அங்கே செல்வது யாருக்கும் வியப்பாகத் தோன்றாது.

ஆலோசகர் கேட்டதை ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்து தேநீரோடு பரிமாறலாகாது. இரகசியம் காக்கப்பட வேண்டும். அதற்கும் எல்லை உண்டு: பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் உரியவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் கொடுமை என்று அறிந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி தெரிவிப்பது கட்டாயம். இவ்வெல்லையைப் பேசத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நேர்மை.

இடைநீக்கம் பற்றியும் ஒரு சொல். சில வேளைகளில் அது தவிர்க்க முடியாதது. அடிபட்ட பிள்ளைக்கும் மிரட்டப்பட்ட ஆசிரியருக்கும் மூச்சுவிட நேரம் வேண்டும். ஆனால் அனுப்பும் நாளிலேயே திரும்பும் நாளையும் திரும்பும் முறையையும் எழுதிவைக்க வேண்டும். இடையில் ஒருமுறையேனும் பள்ளியிலிருந்து ஒருவர் அவ்வீட்டுக்குச் சென்று வர வேண்டும். தென்னந்தோப்பும் சந்தையும் சாராயமும் இரு மாநிலத்து எல்லையும் கூடும் இடத்தில், பத்து நாள் பள்ளிக்கு வராத பதினைந்து வயதுப் பையனுக்கு வேலை கொடுக்கப் பலர் காத்திருக்கின்றனர். அவ்வேலைகளில் சில சட்டத்திற்குப் புறம்பானவை.

மொழியும் மருந்தே

எல்லைப்புறத்திற்கே உரிய இன்னொரு சிக்கலைச் சொல்லாமல் விட இயலாது. எங்கள் பள்ளிக்கு ஒருமுறை வந்த ஆலோசகர் அன்பு நிறைந்த இளம்பெண். மலையாளம் மட்டுமே அறிந்தவர். தமிழ்வழி மாணவி ஒருத்தி அவர்முன் அரைமணி நேரம் அமர்ந்திருந்தாள். எல்லாக் கேள்விக்கும் "ஒண்ணுமில்ல" என்றே பதில். ஆலோசகர் பதிவேட்டில் 'சிக்கல் ஏதுமில்லை' என்று எழுதினார். அப்பெண்ணுக்கு மலையாளம் தெரியாமலில்லை. கடையில் பேரம் பேசுவாள், பேருந்தில் சீட்டு வாங்குவாள். ஆனால் அழுவதற்கு அவளுக்குத் தமிழ்தான் தெரியும்.

இடுக்கியின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பகுதித் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் நிலைமை இதுவே. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு ஆலோசகரை அனுப்பும்போது, தகுதிச் சான்றிதழோடு அவர் தமிழ் பேசுவாரா என்பதையும் துறை கேட்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இக்கோரிக்கையை எழுத்தில் வைக்க வேண்டும். அதுவரை, 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலும் மலையாளத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். குழந்தைகளுக்கான 1098 நாடெங்கும் உண்டு. கேரளத்தில் 'திசா' 1056, தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு 14417. இவ்வெண்களைக் கரும்பலகையின் ஓரத்தில், அழியாத வண்ணத்தில் எழுதிவைப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

ஆசிரியர்களுக்கும் இவ்வெண்கள் உரியவை. கணக்கெடுப்பு, தேர்தல் பணி, இணையப் பதிவேடு என்று அலைந்து, ஐம்பது பிள்ளைகளின் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு சேரும் ஒருவரிடம் மறுநாள் காலை அளவற்ற பொறுமையை எதிர்பார்க்கிறோம். நான் அப்பையனை வெளியே நிறுத்திய அந்த வாரங்களில் எனக்கே உறக்கம் இல்லை, வீட்டில் நோய். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவனைப் போலவே.

இனி அம்மாணவனிடம் வருவோம். தலைமையாசிரியர் அவனை விட்டுவிடவில்லை. முதலில் அடிபட்ட சிறுவனின் வீட்டுக்கு அவனை அழைத்துச் சென்றார். சிறுவனின் தாய் சினத்தோடு கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவனே நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது, அவர் குறுக்கிடவில்லை. தையல் பிரிக்கும் நாளில் சிறுவனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிச் செல்லும் பொறுப்பும் அவனுக்கே தரப்பட்டது. ஒரு மாதம் மாலை விளையாட்டு இல்லை. அந்நேரத்தில் சிறு வகுப்புப் பிள்ளைகள் பேருந்து ஏறும் வரை உடன் நிற்க வேண்டும். தண்டனை என்ற வகையில் இவை எளியவை அல்ல.

மறுபக்கம், ஊராட்சி உறுப்பினர் வழியே வீடு தேடி வரும் நோய் தணிப்புச் செவிலியரை அத்தந்தைக்கு ஏற்பாடு செய்தார். கேரளத்தில் ஊராட்சிகள்தோறும் அச்சேவை இருப்பது பெரும் பேறு. முதல் பாடவேளையில் இருந்த தமிழைக் கடைசிப் பாடவேளைக்கு மாற்றினார். வகுப்பு விதி மாறவில்லை. தாமதமாக வருபவர் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது மட்டும் வெளியே நிற்பதற்கு மாற்றாக வந்தது. அது அனைவருக்கும், ஆசிரியர்களுக்கும் பொதுவாயிற்று. முதல் வாரத்தில் என் கையொப்பம் இருமுறை அதில் விழுந்தது.

சில மாதங்களுக்குப் பின் ஒருநாள் அவன் மீண்டும் தாமதமாக வந்தான். பதிவேட்டில் எழுதிவிட்டு வந்து, பழக்கத்தால் சன்னலோரத்திலேயே நின்றான். "உள்ளே வா" என்றேன். அசையவில்லை. புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு வாசல் வரை சென்று மறுமுறை சொன்ன பிறகுதான் வந்தான்.